முப்பத்தைந்து சதுர மீட்டரில் இரண்டு படுக்கையறை: ஜப்பானின் 51சி வீட்டு வரைபடம்

51சி என்பது 1951ஆம் ஆண்டில் ஜப்பானில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்காக வரையப்பட்ட ஒரு வீட்டு வரைபடத்தின் பெயராகும். படுக்கையறை ஒன்றுக்கு மட்டுமே இடம் இருப்பதாகத் தோன்றும் சிறிய வீட்டில், பரப்பைக் கூட்டாமலும் செலவை ஏற்றாமலும் இரண்டு படுக்கையறைகளை அமைக்க முடியும் என்பதை இவ்வரைபடம் காட்டியது. சாப்பிடும் இடத்தைச் சமையலறைக்குள் கொண்டுபோனதே இதற்குக் கையாண்ட வழி. ஜப்பானிய நகர வாழ்க்கையைப் பல பத்தாண்டுகளுக்கு மாற்றியமைத்த 2டிகே வகை வீடுகளுக்கு 51சி முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இக்கட்டுரையில் ஜப்பானியர் பெயர்கள் அந்நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வருமாறு எழுதப்பட்டுள்ளன.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் டோக்கியோ, ஒசாகா, நகோயா முதலிய நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்தன. மரத்தாலும் காகிதத்தாலும் ஆன வீடுகள் என்பதால் தெருத்தெருவாகத் தீ பரவியது. 1945இல் போர் முடிந்தபோது நாட்டில் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என அரசு கணக்கிட்டது. வெளிநாடுகளிலிருந்து திரும்பிய படைவீரர்களும் குடிபெயர்ந்தோரும் இந்தப் பற்றாக்குறையை மேலும் கூட்டினர். தகரக் கொட்டகைகளிலும், பதுங்கு குழிகளிலும், ஓடாத பேருந்துகளின் உட்புறங்களிலும் குடும்பங்கள் வாழ்ந்தன.

1947-48இல் டோக்கியோவின் தகானாவா பகுதியில் போருக்குப் பிந்தைய முதல் கான்கிரீட் அரசு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. 1951இல் பொது வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறியது. வருவாய் குறைந்தோருக்கு உள்ளாட்சிகள் வாடகை வீடு கட்டித்தர வேண்டும் என்பதும், கட்டுமானச் செலவில் பாதியையோ மூன்றில் இரண்டு பங்கையோ நடுவண் அரசு ஏற்கும் என்பதும் அச்சட்டத்தின் சாரம். காத்திருந்தோர் பலர், பணமும் சிமெண்டும் குறைவு. ஆகவே ஒவ்வொரு வீட்டின் பரப்பும் இறுக்கமாக வரையறுக்கப்பட்டது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழ்வது என்பதே வரைபடம் போடுவோர் முன் நின்ற கேள்வி.

ஒரே அறையில் எல்லாம்

இக்கேள்விக்கு ஜப்பானிய மரபில் ஆயத்தமான ஒரு விடை இருந்தது. வீட்டின் தரை தத்தாமி எனப்படும் பாயால் ஆனது. வைக்கோலை அழுத்திச் செய்த தடித்த அடிப்பகுதியின் மேல் கோரை போன்ற ஒருவகைப் புல்லால் நெய்த பாயைப் போர்த்தித் தைத்தால் அது தத்தாமி. கட்டில் கிடையாது. இரவில் மெத்தையை விரித்துப் படுப்பார்கள். காலையில் சுருட்டி, சுவரோடு ஒட்டிய ஆழமான அலமாரியில் வைப்பார்கள். பின்னர் கால் மடக்கும் சிறு மேசையை நடுவில் விரித்தால் அதே அறை சாப்பாட்டுக் கூடமாகிவிடும். கூடத்தில் பாயை விரித்துப் படுத்து, விடிந்ததும் சுருட்டி வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புரியாத பழக்கம் அன்று.

எனவே ஓர் அறை இருந்தாலே போதும், மெத்தையைச் சுருட்டினால் சாப்பாட்டு அறை கிடைத்துவிடுகிறது, ஏழைக்கு இரண்டாவது அறை எதற்கு என்று வீட்டுத் திட்டம் தீட்டியோர் கருதினர். கணக்குப் பார்த்தால் இது சரி என்றே தோன்றும்.

நிஷியாமாவின் கள ஆய்வு

இக்கருத்தை மறுத்தவர் நிஷியாமா உசோ (1911-1994). கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பயின்ற இக்கட்டடக் கலைஞர், பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியராகவும் விளங்கினார். 1941இல் அரசு அமைத்த வீட்டு நிறுவனத்தில் சில காலம் பணியாற்றினார். எளிய மக்களின் வாடகை வீடுகளுக்கு நேரில் சென்று, எந்த அறையில் யார் படுக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் பதிவு செய்வது அவருடைய ஆய்வு முறை.

அவர் கண்டது எதிர்பாராத ஒன்று. இரண்டே சிறு அறைகள் உள்ள வீடுகளிலும், மக்கள் இரண்டையும் படுக்கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய அறையைச் சாப்பிடுவதற்கென ஒதுக்கிவிட்டு, மற்ற அறையில் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்தனர். இடநெருக்கடியைத் தாங்கிக்கொண்டாலும், படுத்த இடத்திலேயே சாப்பிடுவதை அவர்கள் தவிர்த்தனர்.

அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே அறையானால், வேலைக்குப் போகிறவர் காலையில் சாப்பிட வேண்டுமென்றால் உறங்கும் குழந்தையையும் எழுப்ப வேண்டும். மெத்தையைத் தட்டிச் சுருட்டும்போது எழும் தூசி சோற்றில் விழும். நோயுற்றவர் பகலில் படுத்திருந்தால் மற்றவர்களுக்கு உட்கார இடமில்லை. இந்த அன்றாடத் தொல்லைகளை வரைபடம் போடுவோர் கணக்கில் எடுக்கவில்லை. நிஷியாமா இக்கருத்தை 1942இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ‘உணவும் உறக்கமும் பிரிதல்’ என்பது அக்கொள்கையின் பெயர். வீடு எவ்வளவு சிறியதானாலும் சாப்பிடும் இடமும் படுக்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். போர்க்காலத்தில் அதற்குச் செயல்வடிவம் தர வழியில்லை.

1951ஆம் ஆண்டு வரைபடம்

பொது வீட்டுவசதிச் சட்டம் வந்த ஆண்டில், நாடெங்கும் பயன்படுத்துவதற்கான மாதிரி வரைபடங்களை அரசு தயாரித்தது. அவை ஏ, பி, சி என மூன்று வகைப்பட்டன. ஏ வகை 16 சுபோ, பி வகை 14 சுபோ, சி வகை 12 சுபோ. சுபோ என்பது ஜப்பானிய நில அளவு. ஒரு சுபோ ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். 1951ஆம் ஆண்டின் சி வகை என்பதையே 51சி என்ற பெயர் குறிக்கிறது.

மூன்றிலும் சிறியதான சி வகையை வரையும் பொறுப்பு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோஷிதாகே யாசுமி (1916-2003) குழுவிடம் வந்தது. அப்போது அங்கு ஆய்வு மாணவராக இருந்த சுசுகி ஷிகேபுமி (1927-2010) இப்பணியில் பங்கேற்றார். 12 சுபோ என்பது சுமார் 40 சதுர மீட்டர். மாடிப்படி முதலிய பொதுப் பகுதியைக் கழித்தால் வீட்டுக்குள் எஞ்சுவது சுமார் 35 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 375 சதுர அடி.

இந்தப் பரப்பில் சாப்பாட்டு அறை ஒன்று, படுக்கையறை இரண்டு, சமையலறை ஒன்று எனத் தனித்தனியே நான்கு அறைகளுக்கு இடமில்லை. சாப்பாட்டு அறையைக் கொடுத்தால் படுக்கையறை ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு படுக்கையறை கொடுத்தால் அவற்றுள் ஒன்றில்தான் சாப்பிட வேண்டும். யோஷிதாகே குழுவினர் சமையலறையைச் சற்று அகலப்படுத்தி, அதிலேயே ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் விட்டனர். தனிச் சாப்பாட்டு அறைக்குத் தேவையான பரப்பில் ஒரு சிறு பகுதியே இதற்குச் செலவானது. மீதமிருந்த பரப்பில் ஆறு பாய் அறை ஒன்றும், நாலரைப் பாய் அறை ஒன்றும் அமைந்தன. இவ்வாறு நிஷியாமாவின் கொள்கை, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், அரசு வரைபடமாயிற்று.

நடுவில் ஒரு சுவர்

51சி வரைபடத்தில் இன்னொரு முடிவும் அடங்கியிருந்தது. ஜப்பானிய வீடுகளில் அறைகளைப் பிரிப்பது புசுமா எனப்படும் நகரும் தட்டி. மரச்சட்டத்தின் இருபுறமும் காகிதம் ஒட்டிச் செய்யப்படும் இது விலை குறைந்தது. பக்கவாட்டில் நகர்வதால் திறப்பதற்குத் தனி இடம் வேண்டியதில்லை. கீலில் திரும்பும் 75 செ.மீ. அகலக் கதவு ஒன்று திறந்து மூடுவதற்கு மட்டும் சுமார் 0.44 சதுர மீட்டர் தரையைக் காலியாக வைக்க வேண்டும். 35 சதுர மீட்டர் வீட்டில் இதுவும் ஓர் இழப்பே.

சமையலறைக்கும் அதை அடுத்த படுக்கையறைக்கும் இடையே புசுமா போதும் என்று வரைந்தவர்கள் முடிவு செய்தனர். பகலில் அதைத் திறந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து விசாலமாகத் தெரியும். ஆனால் இரண்டு படுக்கையறைகளுக்கும் இடையே சுவரே எழுப்பப்பட்டது. காகிதத் தட்டி கண்ணை மறைக்குமே தவிர ஒலியை மறைக்காது. கணவன் மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே உறங்கும் இடம் வேண்டும் என்பது வரைந்தோரின் உறுதி. வசதி படைத்தோர் வீடுகளில் இயல்பாகக் கிடைத்த இந்த மறைவு, அரசு கட்டும் வீடுகளுள் மிகச் சிறியதிலும் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். தாங்கள் முக்கியமாகக் கருதியவற்றுள் இந்தச் சுவரும் ஒன்று என்று சுசுகி பின்னாளில் வற்புறுத்தி எழுதினார்.

சமையலறையின் தகுதி உயர்தல்

பழைய ஜப்பானிய வீடுகளில் சமையலறை பெரும்பாலும் வடக்குப் பக்கம், இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. வீட்டின் மற்ற பகுதிகளைவிடத் தாழ்ந்த இடமாகவே அது கருதப்பட்டது. அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடு என்றால் யார் சாப்பிடுவார்கள்? சமையலறை மாறாமல் இந்த வரைபடம் வெற்றி பெற்றிருக்க முடியாது.

இம்மாற்றத்தில் பங்காற்றியவர் ஹமாகுச்சி மிஹோ (1915-1988). கட்டடக் கலைஞருக்கான முதல்நிலை உரிமம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் இவரே. ஜப்பானிய வீட்டமைப்பில் படிந்துள்ள நிலவுடைமைக் காலப் போக்குகளை விமரிசித்து 1949இல் அவர் எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. விருந்தினருக்கு நல்ல அறையும், வீட்டுப் பெண்களுக்கு இருட்டு மூலையும் ஒதுக்கும் வழக்கத்தை அவர் கண்டித்தார். பின்னர் ஜப்பான் வீட்டுக் கழகத்தின் சமையலறை வடிவமைப்பிலும் அவர் ஈடுபட்டார். பாத்திரம் கழுவும் தொட்டியை நடுவில் வைத்து, காய் நறுக்கும் மேடையையும் அடுப்பையும் இருபுறமும் அமைத்தால் நடை குறையும் என்பது அவர் பரிந்துரை.

அதுவரை தொட்டிகள் சிமெண்டும் கல்துகளும் கலந்து மெருகிடப்பட்டவையாக இருந்தன. எவர்சில்வர் தொட்டி செய்யலாம். ஆனால் தகடுகளைக் கையால் பற்றவைத்துச் செய்தால் விலை எட்டாது. 1956இல் சன்வேவ் நிறுவனம் எவர்சில்வர் தகட்டை அச்சில் அழுத்தித் தொட்டியாக்கும் முறையில் வெற்றி கண்டது. பெரும் எண்ணிக்கையில் செய்ய முடிந்ததால் வாடகை வீடுகளுக்கும் அது கட்டுப்படியானது. பளபளக்கும் அந்தத் தொட்டி, சமையலறையை வீட்டின் நடுவிடத்திற்குரியதாக ஆக்கியது.

வீட்டுக் கழகமும் 2டிகே வீடுகளும்

1955 ஜூலையில் ஜப்பான் வீட்டுக் கழகம் நிறுவப்பட்டது. நகரங்களில் பெருகிவந்த மாதச் சம்பளக்காரர்களுக்காக அது புறநகர்களில் தஞ்சி எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. கழகத்தின் முதல் குடியிருப்பான கனாவோகா, ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் 1956இல் திறக்கப்பட்டது.

51சியின் அடிப்படையைக் கழகம் எடுத்துக்கொண்டு, பரப்பைச் சற்றுக் கூட்டி, வீட்டுக்குள்ளேயே குளியலறையும் சேர்த்தது. சாப்பாட்டு இடம் உள்ள சமையலறைக்கு ‘டைனிங் கிச்சன்’ என்று பெயர் சூட்டி, அதன் முதலெழுத்துகளால் டிகே என்று குறித்தது. இரண்டு அறையும் ஒரு டைனிங் கிச்சனும் உள்ள வீடு 2டிகே. ஜப்பானில் இன்றும் வீட்டு விளம்பரங்கள் இக்குறியீட்டையே பயன்படுத்துகின்றன.

தரையில் அமர்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் மேசை வாங்குவார்களா என்ற ஐயம் கழகத்திற்கு இருந்தது. மேசை இல்லையென்றால் மறுபடியும் படுக்கையறையிலேயே சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே தொடக்ககால வீடுகள் சிலவற்றில் மேசையையும் கழகமே பொருத்திக் கொடுத்தது.

இவ்வீடுகளுக்குக் கடும் போட்டி நிலவியது. குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. 1958இல் ஒரு வார இதழ் இக்குடியிருப்பு வாசிகளைக் குறிக்க ‘தஞ்சி இனத்தார்’ என்ற புதுச்சொல்லை உருவாக்கியது. 1960 செப்டம்பரில் பட்டத்து இளவரசர் அகிஹித்தோவும் இளவரசி மிச்சிகோவும் டோக்கியோ புறநகரான ஹிபாரிகாவோகா குடியிருப்பைப் பார்வையிட்டனர்.

பாயின் அளவு சுருங்கியது

ஜப்பானில் அறையின் அளவைப் பாய் எண்ணிக்கையால் சொல்வது வழக்கம். ஆனால் பாயின் அளவு எங்கும் ஒன்றன்று. கியோத்தோ வழக்கில் ஒரு பாய் 191 x 95.5 செ.மீ.; டோக்கியோ வழக்கில் சுமார் 176 x 88 செ.மீ. தஞ்சிகளில் அது சுமார் 170 x 85 செ.மீ. ஆகக் குறைந்தது. கணக்கிட்டால், தஞ்சியின் ஆறு பாய் அறை 8.7 சதுர மீட்டர். கியோத்தோவின் நாலரைப் பாய் அறையே 8.2 சதுர மீட்டர். பெயரளவில் ஆறு பாய் அறை என்றாலும், குடியேறியவர் பெற்றது பழைய நாலரைப் பாய் அறையைவிடச் சற்றே பெரிய இடம்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த அலமாரி உள்ளே நுழையாதபோதுதான் பலருக்கு இவ்வேறுபாடு புலப்பட்டது.

குறைகளும் விமரிசனமும்

கழகத்தின் 2டிகே வீடுகளில் ஒரு முக்கிய மாற்றம் நேர்ந்தது. இரண்டு அறைகளுக்கும் இடையே 51சி வைத்த சுவருக்குப் பதிலாக, பல வரைபடங்களில் புசுமாவே மீண்டும் வந்தது. திறந்துவிட்டால் இரு அறையும் ஒன்றாகி விசாலமாகும் என்பது அதன் நன்மை. படுக்கையறைகளின் தனிமை குன்றியது அதன் விலை.

மக்களின் வாழ்க்கையும் வரைபடம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியும் சாய்வு நாற்காலியும் வந்தபின், சமையலறையை ஒட்டிய அறை பகலில் கூடமாகியது. பாயின் மேல் கம்பளம் விரிக்கப்பட்டது. படுக்கையறை ஒன்று போய்விட, குடும்பம் மறுபடியும் மற்றோர் அறையில் நெருக்கிப் படுத்தது. சாப்பிடும் இடத்திற்குத் தீர்வு கண்ட வரைபடம், குடும்பம் கூடி உட்காரும் இடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை ஆய்வுகளில் பதிவு செய்தவர்களுள் 51சியை வரைந்த சுசுகியும் ஒருவர். பின்னாளில் கூடத்தையும் சேர்த்து எல்டிகே எனும் வகை பெருகியது.

சமூகவியலாளர் உயெனோ சிசுகோ, கட்டடக் கலைஞர் யமமோத்தோ ரிகென் ஆகியோர் வேறொரு கோணத்தில் வினவினர். தாய், தந்தை, பிள்ளைகள் என்ற ஒரே அச்சில் குடும்பத்தை வார்க்கும் பெட்டியாக இவ்வீடு ஆகிவிட்டதா என்பது விவாதத்தின் மையம். 2004இல் சுசுகியும் இவர்களும் பங்கேற்ற நூல் ஒன்று 51சியின் பெயரிலேயே வெளிவந்தது. 51சியை எல்டிகே வீடுகளின் தந்தை என்று அழைப்பதைச் சுசுகி ஏற்கவில்லை. மிகக் குறைந்த இடத்தில் மிகத் தேவையானதைக் காப்பதற்கான வரைபடம் அது என்பதே அவர் வாதம்.

இன்றைய நிலை

1968ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஜப்பானில் குடும்பங்களின் எண்ணிக்கையைவிட வீடுகளின் எண்ணிக்கை அதிகமாயிற்று. இப்போது பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்ட தஞ்சிகளில் முதியோர் பலர் தனியே வாழ்கின்றனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் குடும்பங்களில் சுமார் 38 விழுக்காடு ஒருவர் மட்டுமே உள்ளவை. கழகத்தின் வழித்தோன்றலாக 2004இல் உருவான நகர்ப்புற முகமை, முஜி நிறுவனத்துடன் சேர்ந்து 2012 முதல் பழைய வீடுகளைப் புதுப்பித்து வருகிறது. இவற்றுள் பலவற்றில் சிறு அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புகள் அகற்றப்பட்டு, ஒரே பெரிய அறையாக மாற்றப்படுகின்றன. இருவகை உறக்கத்திற்கும் இடம் தேடிய காலம் போய், ஒருவர் விசாலமாக இருக்க இடம் தேடும் காலம் வந்துள்ளது.

1957இல் கட்டப்பட்ட ஹசுனே குடியிருப்பின் 2டிகே வீடு ஒன்று பெயர்த்தெடுக்கப்பட்டு, டோக்கியோவில் அம்முகமையின் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுவப்பட்டுள்ளது. சிபா மாநிலத்தின் மட்சுதோ நகர அருங்காட்சியகமும் தோகிவாதைரா குடியிருப்பின் வீடு ஒன்றை, தொலைக்காட்சி, மேசை முதலிய அக்காலப் பொருட்களுடன் அப்படியே அமைத்துக் காட்டுகிறது.

சிறு வீட்டைப் பிரிப்போர்க்குப் பயன்படுவன

ஒரு படுக்கையறை வீட்டை இரண்டாக்க முயலும் எவரும் 51சி வரைந்தோர் எதிர்கொண்ட அதே கணக்கைத்தான் எதிர்கொள்கின்றனர். அவ்வரலாற்றிலிருந்து சில பொதுக் கருத்துகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, சுவர் எங்கே எழுப்புவது என்பதற்கு முன், எந்தப் பயன்பாட்டை வேறோர் இடத்திற்கு நகர்த்தலாம் என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசை சமையலறைக்குள் போகுமானால் ஓர் அறை விடுபடும்.

இரண்டாவது, எந்த எல்லையில் நகரும் தட்டி போதும், எந்த எல்லையில் ஒலியைத் தடுக்கும் சுவர் வேண்டும் என்பதை வேறுபடுத்த வேண்டும். எல்லா இடத்திலும் சுவர் எழுப்பினால் செலவும் இருட்டும் கூடும். எங்கும் தட்டியே வைத்தால் படுக்கையறை பெயரளவில்தான் இருக்கும்.

மூன்றாவது, புதிய அறைக்குள் கட்டிலும் அலமாரியும் உண்மையில் நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும். பாய் சுருங்கிய கதை இதை உணர்த்தும்.

நான்காவது, வீட்டார் மாலையில் எங்கே கூடி உட்காருவார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு இடம் விடாவிட்டால், பிரித்த படுக்கையறைகளுள் ஒன்று சில ஆண்டுகளில் கூடமாகிவிடும். 2டிகே வீடுகளில் நடந்தது அதுவே.

இவை அனைத்திற்கும் முன்னதாக நிஷியாமா செய்தது ஒன்றுண்டு. அந்த வீட்டில் இப்போது யார் எங்கே படுக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்பதை அவர் முதலில் பார்த்து எழுதிக்கொண்டார்.